அஞ்சலை அக்காவின் தலையில் நான் பின்னிய ஜடைகள்

காலில் மதமதப்பு வந்தால் உப்பைக் குறை சொல்லாதீர்கள். இதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பொறுமையாகப் படித்துக்கொள்ளலாம். மரக்காணம் உப்பளத்தில் வேலை செய்கிற எங்களுக்குக் கால் மரத்துப்போவது ஒரு விஷயமே இல்லை. உப்புத் தண்ணீரில் நின்று நின்று பாதம் தடித்து, வெடித்து, முள் குத்தினால்கூடத் தெரியாது. "உப்பு ஏறிடுச்சு" என்று சொல்லி எண்ணெய் தடவிக்கொண்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவோம். நானும் அப்படித்தான் ஐந்து நாள் எண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து நாளும் என் நரம்புகள் ஒவ்வொன்றாக வேலையை நிறுத்திக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது.

என் பெயர் சுமதி. சீசன் நேரத்தில் காலை பத்து மணி வரை உப்பு சுமப்பேன். பிறகு கை கால் கழுவி, புடவை மாற்றிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கும் ஒரு சின்ன அறையில் கல்யாணப் பெண்களுக்கு ஜடை பின்னுவேன். சும்மா மூன்று கால் பின்னல் இல்லை. ஐந்து கால் எடுத்துப் பின்னி, சவுரி சேர்த்து நீளம் கூட்டி, உச்சியில் ராக்கொடி வைத்து, அதற்குக் கீழே பெரியதிலிருந்து சிறியதாக ஒன்பது நகைப் பில்லைகளை வரிசையாகத் தைத்து, நுனியில் மூன்று குஞ்சலம் கட்டி, நடுவில் தாழம்பூ மடலும் இரண்டு ஓரத்திலும் மல்லிகை மொட்டும் வைத்து முடித்தால் இரண்டரை மணி நேரம் ஆகும். இரும்பையிலும் பெரிய முதலியார்சாவடியிலும் கல்யாண வீட்டில் பெண்ணைத் திருப்பி நிறுத்தி முதுகைப் போட்டோ எடுக்கிறார்கள் என்றால் அது பெரும்பாலும் என் ஜடையாக இருக்கும். கர்வம்தான், இருக்கட்டுமே. எனக்கென்று இருந்தது அது ஒன்றுதான்.

நோய் வருவதற்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு விசேஷ வீட்டில் சாப்பிட்டு வயிறு கெட்டது. மூன்று நாளில் சரியாகிவிட்டது, மறந்தும் விட்டேன். அப்புறம்தான் கால் விரல்களில் மதமதப்பு ஆரம்பித்தது. உப்பு என்றேன். கை விரல் நுனியிலும் வந்தது. அதுவும் உப்பு என்றேன். ஐந்தாம் நாள் இரும்பையிலிருந்து ஒரு பெண் ஜடை ஒத்திகைக்கு வந்திருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு தடவை பின்னிப் பார்ப்பது என் வழக்கம். மூன்றாவது காலை நான்காவதின் மேல் போடும்போது முடி என் கையிலிருந்து நழுவியது. மறுபடி எடுத்தேன், மறுபடி நழுவியது. கொண்டை ஊசி கீழே விழுந்தது, குனிந்து எடுக்கப் பார்த்தால் விரல் மூடவில்லை.

"அக்கா, உங்க கை இன்னா இப்படி நடுங்குது?" என்றது அந்தப் பெண்.

"உப்பு வேலை செஞ்ச கை, கொஞ்சம் அப்படித்தான் இருக்கும்" என்று சமாளித்து அனுப்பினேன். மறுநாள் காலை குத்துக்காலிட்டு உட்கார்ந்தவளால் எழுந்திருக்கவே முடியவில்லை. என் வீட்டுக்காரர் ஏழுமலை என்னைத் தூக்கி ஆட்டோவில் போட்டார்.

மரக்காணம் ஆஸ்பத்திரியில் இருந்த டாக்டரம்மா சின்ன ரப்பர் சுத்தியலால் என் முழங்காலுக்குக் கீழே தட்டினார். தட்டினால் கால் தானாகத் துள்ள வேண்டும். என் கால் சும்மா கிடந்தது. முழங்கையில் தட்டினார், அதுவும் கிடந்தது. எத்தனை நாளாக என்று கேட்டார். "உப்புங்க டாக்டர்" என்றேன். "உப்பும் இல்ல, புளியும் இல்ல" என்று சொல்லிக்கொண்டே ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டுவிட்டார். அந்த அம்மா அன்றைக்கு ஒரு நாள் தாமதித்திருந்தால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். அவருக்கு ஒரு கும்பிடு.

புதுச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரி. முதுகில் ஊசி போட்டுத் தண்டுவட நீர் எடுத்தார்கள். கையிலும் காலிலும் ஒட்டு வைத்துச் சின்னச் சின்னதாகக் கரண்ட் விட்டு நரம்பு எவ்வளவு வேகமாகச் சேதி சொல்கிறது என்று பார்த்தார்கள். நோயின் பெயர் ஜி.பி.எஸ். என்றார்கள். முழுப் பெயர் கில்லன் பாரே சிண்ட்ரோம், அதைச் சொல்லவே எனக்கு ஒரு வாரம் ஆனது. டாக்டர் எளிமையாகத்தான் விளக்கினார். வயிற்றுக்கு வந்த கிருமியை எதிர்க்க உடம்பு தயார் செய்த சக்தி, சில பேருக்கு ஆள் தெரியாமல் சொந்த நரம்பையே தாக்கிவிடுமாம். கரண்ட் ஒயரின் மேலுறை உரிந்தால் எப்படி லைட் எரியாதோ அப்படி, நரம்பின் மேலுறை போனதால் கை கால் வேலை செய்யவில்லை. இது கீழேயிருந்து மேலே ஏறும். நெஞ்சு வரை ஏறினால் மூச்சுக்கு மிஷின் வைக்க வேண்டும்.

"கை?" என்று கேட்டேன். எல்லாரும் மூச்சைப் பற்றிக் கேட்பார்கள் போல, டாக்டர் ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தார்.

"மொதல்ல உயிர், அப்புறம் கால். கை விரல் கடைசியா வரும். விரல் நுனியில உணர்ச்சி அதுக்கும் கடைசி. சில பேருக்கு முழுசா வராமலும் போகலாம்மா" என்றார். அதற்கு மேல் அவர் சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

பெண் நோயாளிக்குக் கூட இருக்கப் பெண் துணைதான் வேண்டும் என்றார்கள். அப்படித்தான் அஞ்சலை அக்கா வந்து சேர்ந்தார். அவர் என் வீட்டுக்காரரின் அக்கா. எங்கள் இரண்டு பேருக்கும் ஆகாது, அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

காரணம் முடிதான். உப்புக் காற்றிலும் வெயிலிலும் நிற்கிற பெண்களுக்கு முடி தங்காது. எலி வால் போல ஆகிவிடும், என்னுடையதும் அப்படித்தான். அஞ்சலை அக்காவுக்கு மட்டும் நாற்பத்தெட்டு வயதிலும் தொடை வரை தொங்கும். புருஷன் செத்த பிறகும், பிள்ளை திருப்பூர் போய்த் திரும்பிப் பார்க்காமல் இருந்தபோதும், அவர் தன் முடியைக் கவனிக்கத் தவறியதில்லை. உப்பளத்தில் தலைக்குத் துண்டு கட்டி, அதன் மேல் இன்னொரு துண்டு கட்டுவார். வேலை முடிந்ததும் மற்றவர்கள் முகம் கழுவ ஒரு சொம்புத் தண்ணீர் தேடும்போது, இவர் வீட்டிலிருந்து தனியாகச் சுமந்து வந்த ஒரு குடம் நல்ல தண்ணீரில் தலையை அலசுவார். என் கொழுந்தன் கல்யாணத்தில் ஆசையோடு அந்தக் கொண்டையைப் பின்னாலிருந்து தொட்டுவிட்டேன். அவ்வளவுதான், படாரென்று என் கையில் ஓர் அடி.

"ஊரான் வூட்டுத் தலையெல்லாம் வாருற கை. என் முடிய நீ தொடாத!"

மண்டபமே திரும்பிப் பார்த்தது. அதிலிருந்து இரண்டு வருஷம் நாங்கள் அவசியத்துக்கு மட்டும்தான் பேசிக்கொண்டோம். இப்போது அந்த அக்காதான் எனக்குப் பெட்பேன் வைக்கிறார், வாயில் கஞ்சி ஊற்றுகிறார். நான் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வேன். "கண்ண மூடினா நான் இல்லாம போயிடுவனா? வாயத் தெற" என்பார்.

நிறைய பேர் கொடுத்த ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த மருந்து ஒன்று உண்டு, அதை ஐந்து நாள் ஏற்றினார்கள். விலை கூடிய மருந்து. காப்பீட்டு அட்டையை வைத்துக்கொண்டு என் வீட்டுக்காரர் ஜன்னல் ஜன்னலாக நின்று வாங்கிக் கொடுத்தார். யார் யாருடைய ரத்தமோ, முகம் தெரியாத அவர்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும்.

அந்த நாட்களில் நர்ஸ் வந்து, ஒரே மூச்சில் எத்தனை வரை எண்ண முடிகிறது என்று பார்ப்பார். மூச்சுத் தசை எப்படி இருக்கிறது என்று அதை வைத்துத் தெரிந்துகொள்வார்களாம். முதல் நாள் இருபத்திரண்டு எண்ணினேன். அடுத்த நாள் பதினைந்து. மூன்றாம் நாள் ஒன்பதிலேயே நின்றுவிட்டேன். நர்ஸ் ஓடிப்போய் டாக்டரைக் கூட்டி வந்தார், மிஷினைக் கட்டில் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அஞ்சலை அக்கா என் முகத்துக்கு நேரே குனிந்தார்.

"வெறும் நம்பர எண்ணாதடி. வரப்பு மேல நடக்கற, பக்கத்துல பாத்தி இருக்குது. ஒவ்வொரு பாத்தியா எண்ணிக்கினே வா. நம்ம கொட்டாய் வர்ற வரைக்கும் நிக்கக்கூடாது."

நான் வெள்ளை வெள்ளையாய்ப் பாத்திகளை எண்ணிக்கொண்டு நடந்தேன். பதினொன்று வந்தது. அடுத்த முறை பன்னிரண்டு. மிஷின் மாலை வரை அங்கேயே நின்றது, ஆனால் வைக்கவில்லை. அக்கா வெளியே போய்விட்டுத் திரும்பியபோது புடவைத் தலைப்பில் ஒரு மஞ்சள் துணி முடிச்சு இருந்தது. உள்ளே காசு. வேண்டுதலுக்குக் காசு முடிந்துவைப்பது எங்கள் வழக்கம். என்ன வேண்டிக்கொண்டீர்கள் என்று நான் கேட்கவில்லை, உயிர் பிழைக்கத்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பத்தாம் நாள் சாதாரண வார்டுக்கு மாற்றினார்கள். மூச்சு சரியாகிவிட்டது, காலில் அசைவு வந்தது. கையைக் கொஞ்சம் தூக்க முடிந்தது, விரல்கள் மட்டும் மடங்காமல் அப்படியே கிடந்தன. பிசியோதெரபி மேடம் தினமும் வந்து ரப்பர் பந்தைக் கொடுத்து அமுக்கச் சொல்வார், துணி மாட்டும் கிளிப்பைத் திறக்கச் சொல்வார். என்னால் முடியாது. முடியாததைவிட, பார்க்க வருகிறவர்கள் சொல்வதுதான் எனக்கு எரிச்சல். "சூப்பரா இருக்குது, நேத்துக்கு இன்னிக்கு எவ்வளவோ தேவல" என்பார் என் வீட்டுக்காரர். என் அம்மா என் விரலைப் பிடித்துக்கொண்டு "தோ, அசையுதே" என்பார். அசைத்தது அவர்தான்.

"இந்தப் பந்தை அமுக்கி நான் இன்னா பண்ணப் போறேன்? எனக்கு முடி வேணும்" என்று ஒரு நாள் கத்திவிட்டேன். மேடம் கோபப்படவில்லை. "நல்ல யோசனைதான், முடியிலயே பழகுங்க" என்றார்.

என் கடையில் பயிற்சிக்கென்று வைத்திருக்கும் டம்மி தலையை ஏழுமலை பஸ்ஸில் கொண்டுவந்தார். பையின் வாய் சரியாக மூடவில்லையாம். வெளியே தொங்கிய முடியைப் பார்த்து, பக்கத்து சீட்டில் இருந்தவர் எழுந்து பின்னால் போய் நின்றுகொண்டாராம். கேட்டில் செக்யூரிட்டி பையைத் திறந்து பார்த்துவிட்டுச் சட்டென்று மூடிவிட்டாராம். வார்டுக்கு வந்ததும் கட்டில் மேல் வைத்துக்கொண்டு பின்னப் பார்த்தேன். டம்மியின் முடி வழுக்கியது, என் கைக்குப் பிடிமானம் இல்லை. உள்ளங்கையால் தள்ளிய வேகத்தில் தலை கட்டிலிலிருந்து விழுந்து, உருண்டு, பக்கத்துக் கட்டில் ஜைபுன்னிசா அம்மாவின் காலடியில் போய் அண்ணாந்து நின்றது. அவர் கோட்டக்குப்பத்துக்காரர், இடுப்பு எலும்புக்காக வந்திருந்தவர். எழுந்திருக்கவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்த அந்த அம்மா, "யா அல்லா, தலை!" என்று எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

சிஸ்டர் வந்தார். "இன்னாம்மா இது? இருக்கற பேஷண்டுங்களுக்கு நெஞ்சுவலி வர வெச்சிடுவீங்க போலருக்கு. தலைய மொதல்ல வெளிய எடுத்துட்டுப் போங்க!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. வார்டு முழுக்கச் சிரிக்கிறது, நான் குலுங்கிக் குலுங்கி அழுகிறேன், கண்ணைத் துடைக்கக்கூட எனக்குக் கை இல்லை. அப்போது அஞ்சலை அக்கா ஒரு காரியம் செய்தார். கொண்டையிலிருந்து ஊசியை உருவினார். தலையை ஓர் உதறு உதறினார். கட்டிலை ஒட்டித் தரையில், எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"இந்தா. என் தல உருளாது."

இரண்டு வருஷம் முன்னால் அடி வாங்கிய கை அது. தொடவே பயமாக இருந்தது. "தொடுடி. கடிக்காது" என்றார் திரும்பாமலே.

அன்றிலிருந்து தினமும் மதியச் சாப்பாட்டுக்கும் பார்வையாளர் நேரத்துக்கும் நடுவில் ஒரு மணி நேரம். முதல் வாரம் நான் பின்னியதைப் பின்னல் என்று சொன்னால் பின்னலுக்கு அவமானம். மூன்று காலாகப் பிரிப்பதற்கே பாதி நேரம் போய்விடும். கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் சேராது. அதனால் உள்ளங்கையால் தள்ளித் தள்ளி ஒன்றின் மேல் ஒன்றைப் போடுவேன். முடித்ததும் கேட்பேன்: "எப்படிக்கா இருக்குது? இறுக்கமா இருக்குதா?"

"இல்ல."

"கொஞ்சங்கூடவா?"

"பேன் ஊர்ற மாதிரி இருக்குது."

எல்லாரும் சூப்பர் என்று சொல்லும்போது இந்த ஒரு பொம்பளை மட்டும் இப்படிச் சொல்கிறாரே என்று பற்றிக்கொண்டு வரும். அந்தக் கோபத்தில் மறுநாள் இன்னும் அழுத்திப் பின்னுவேன். எழுந்து நடந்ததும் அவர் ஜடை தானாக அவிழ்ந்துவிடும், அவிழ்ந்ததை எனக்குத் திருப்பிக் காட்டுவார். சில நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது: அந்த வார்டில் நான் நம்புகிற ஒரே வாய் அஞ்சலை அக்காவுடையது. அவர் "இல்ல" என்று சொல்வதால்தான், ஒரு நாள் "ஆமாம்" என்று சொன்னால் அதற்கு மதிப்பு இருக்கும். இப்படி ஒருத்தரை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆறுதலுக்காகக்கூட ஒரு சின்னப் பொய் அவருக்கு வராது.

வலி இல்லாமலும் இல்லை. என் விரலில் முடி சிக்கும், எனக்கு உணர்ச்சி இல்லாததால் தெரியாமல் கையை எடுப்பேன், நாலு முடி வேரோடு வரும். அக்கா மூச்சு விட மாட்டார். "அது சிக்கு. நான் கேக்கறது பிடி" என்பார். தரையில் விழுந்த முடிகளை எழும்போது பொறுக்கி, விரலில் சுருட்டித் தலைப்பில் முடிந்துகொள்வார். ஒரு காலத்தில் சீப்பில் ஒரு முடி வந்தாலே வீட்டையே ஒரு வழி பண்ணிவிடுகிறவர்.

மூன்று காலுக்கு மேல் ஐந்து காலுக்குப் போனேன். வார்டில் எங்களுக்குக் கூட்டம் சேர ஆரம்பித்தது. ஜைபுன்னிசா அம்மா கட்டிலில் இருந்தபடியே, "சுமதி, நாலாவது கால விட்டுட்டே பாரு" என்று கண்காணிப்பார். டம்மி தலையை வெளியே அனுப்பிய சிஸ்டரே வேலை முடிந்து போகும்போது எட்டிப் பார்த்து, "இன்னிக்கு எவ்வளவு தூரம்?" என்று கேட்பார். என் நகைப் பெட்டியை எடுத்துவரச் சொன்னேன். ராக்கொடி, பில்லை, குஞ்சலம் எல்லாம் கவரிங்தான், ஆனால் அந்த வெள்ளை வார்டில் அதைத் திறந்தபோது கட்டில் கட்டிலாக எல்லாரும் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். பெட்டியில் இருந்த குஞ்சலத்தை ஆட்டி ஆட்டிப் பார்த்தே ஒரு பாட்டி அன்றைக்குச் சாப்பிட்டார்.

பில்லையை ஜடையோடு ஊசி நூலால் தைக்க வேண்டும். முதல் பில்லையைத் தைத்துக்கொண்டிருந்தேன், நன்றாகத்தான் வருகிறது என்று சந்தோஷமாக இருந்தது. ஜைபுன்னிசா அம்மா கத்தினார். குனிந்து பார்த்தால் அக்காவின் ரவிக்கை முதுகில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக ஈரம். என் ஆள்காட்டி விரலில் ஊசி ஏறி இறங்கியிருந்தது, ஒரு தடவை இல்லை, பல தடவை. எனக்கு எதுவும் தெரியவில்லை. கண்ணால் பார்த்தும் வலிக்கவில்லை. வலிக்காததுதான் எனக்குத் தாங்கவில்லை. ஜடை பின்னுகிறவளுக்குக் கண் அப்புறம்தான், விரல் நுனிதான் முதலில் பார்க்கும்.

"ஊசி வேணாம், நூலால கட்டு. மொதல்ல பிடி வரட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா ரவிக்கையைத் துவைக்கப் போய்விட்டார்.

வார்டுக்கு வந்து மூன்று வாரம் இருக்கும். ஐந்து காலைப் பின்னிக்கொண்டே வந்து, கழுத்துக்குக் கீழே முதல் இறுக்கு இறுக்கினேன்.

"ஆவ்! வலிக்குதுடி பாவி! மண்டையே கழண்டு வந்துடும் போல!"

யாரோ கை தட்டினார்கள். ஜைபுன்னிசா அம்மா, "மாஷா அல்லா" என்று சாப்பாட்டுக் கரண்டியால் கட்டிலைத் தட்டினார். நான் ஜடையை விடாமல் பிடித்துக்கொண்டு அழுதேன், அந்தப் பிடியே எனக்குப் புதிதாக இருந்தது. அக்கா மட்டும் சிரிக்கவில்லை. ஜடையை முன்னால் எடுத்து மடியில் போட்டு, அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மறுபடி முதுகைத் திருப்பினார்.

"இன்னொரு தபா இழு. நெசமான்னு பாக்கணும்."

இழுத்தேன்.

"வலிக்குது" என்றார் மெதுவாக. "நல்லாவே வலிக்குது." கண் கலங்கியிருந்தது. நான் ரொம்ப இழுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தேன்.

அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பினார்கள். சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தேன், சோறு நானே பிசைந்து சாப்பிட்டேன். விரல் நுனி மட்டும் இன்னும் மரக்கட்டைதான், சாதம் சூடா ஆறியதா என்று உதட்டில் வைத்துத்தான் தெரிந்துகொள்வேன். ஒரு புதன்கிழமை அக்கா வந்தார். தலைப்பில் இருந்த மஞ்சள் முடிச்சை அவிழ்த்துக் காசை என் முன்னால் வைத்தார்.

"வெள்ளிக்கெழம கோயிலுக்குப் போறேன். அங்காளம்மாவுக்கு முடி குடுக்கணும்."

"யாரு முடி?" என்றேன் மடச்சி மாதிரி.

"என்னுதுதான். மிஷினக் கொண்டாந்து வெச்சாங்களே, அன்னிக்கு வேண்டிக்கினேன். உசுரு மட்டும் குடுத்தா போதாது தாயே, அவ கையும் வேணும். என் தலமுடிய அவ இழுத்து எனக்கு வலிக்கற அன்னிக்கு இந்த முடி உன்னுதுன்னு."

எனக்குக் கத்தத்தான் தோன்றியது. "உங்களுக்குப் பைத்தியமாக்கா? அத்தினி நாள் அது தெரிஞ்சா என் கிட்ட தலையக் குடுத்தீங்க? வலிக்கலன்னு ஒரு பொய் சொல்லியிருந்தா இன்னும் ஆறு மாசம் முடி இருந்திருக்கும் இல்ல!"

"நீ பொய் கேக்கறதுக்கா என் முடிய இழுத்த?"

ஏழுமலை சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார், அவருக்கு முன்பே தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை காலை என் கையால் முழு ஜடை பின்னித்தான் அனுப்புவேன் என்றேன். "மொட்டைக்குப் போறவளுக்கு ஜடையா?" என்று சிரித்தார், ஆனால் வேண்டாம் என்று சொல்லவில்லை.

கழுவெளி ஏரிப் பக்கம் முள் புதரில் இறங்கி ஏழுமலை தாழம்பூ வெட்டி வந்தார், கையெல்லாம் கீறல். மொட்டு மல்லிகை வந்தது. விடிந்ததும் ஆரம்பித்தேன். சவுரி தேவைப்படவில்லை. என் தொழிலில் சவுரி இல்லாமல் நான் பின்னிய ஒரே முழு ஜடை அதுதான். ஐந்து கால் போட்டு, ஒவ்வொரு இறுக்குக்கும் அக்கா "ம்ம்" என்று முனக, அதைக் கேட்டுக் கேட்டுப் பின்னினேன். விரல் சொல்லாததைக் கண்ணால் பார்த்து ஒவ்வொரு தையலாகப் போட்டேன். இரண்டரை மணி நேரத்து வேலை ஐந்து மணி நேரம் ஆனது. ராக்கொடி, ஒன்பது பில்லை, தாழம்பூ, மொட்டு, மூன்று குஞ்சலம். முடித்துவிட்டுத் தள்ளி நின்று பார்த்தேன். என் வாழ்க்கையில் பார்த்த ஜடைகளிலேயே அழகு அதுதான், நான் பின்னியதால் சொல்லவில்லை, அந்த முடி அப்படி.

திண்டிவனம் பஸ்ஸில் எங்களை நிம்மதியாக உட்காரவிடவில்லை, எல்லாரும் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். கண்டக்டர், "இன்னாம்மா, யாருக்குக் கல்யாணம்?" என்றார்.

"என் முடிக்குத்தான்" என்றார் அக்கா.

கோயிலில் முடி எடுக்கிறவர் கத்தியை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். "இவ்வளவு வேலப்பாடு பண்ணிட்டு இதுல எப்படிம்மா கை வெக்கறது?" அதனால் நானே அவிழ்த்தேன். குஞ்சலம், பில்லை, பூ, பின்னல். ஐந்து காலும் ஒன்றாகி முதுகில் விழுந்தது. தண்ணீர் தெளித்து அவர் கத்தி வைத்தபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். அக்கா கண்ணை மூடி எதையோ எண்ணிக்கொண்டிருந்தார். ஒரே மூச்சில் எண்ணினார் என்று நினைக்கிறேன்.

மறுநாள் காலை வெயில் படுவதற்கு முன் மொட்டைத் தலைக்குச் சந்தனம் பூச உட்கார்ந்தேன். கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்த அதே மாதிரி எனக்கு முதுகைக் காட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். பூசிக்கொண்டு வந்தவள், பிடரியிலிருந்து உச்சிக்குக் கையைக் கொண்டுபோனபோது நின்றுவிட்டேன். மறுபடி தடவினேன். மறுபடியும்.

"இன்னாடி, தடவிக்கினே இருக்கற?"

"குத்துதுக்கா."

"எங்க குத்துது?"

ஒரே நாளில் முளைத்த முடி. என் பத்து விரல் நுனியிலும் அது ஒவ்வொன்றாகத் தெரிந்தது.

"விரல்லக்கா" என்றேன்.

அவர் திரும்பவில்லை. என் கையை எட்டிப் பிடித்து, மறுபடி தன் தலைமேல் வைத்துக்கொண்டார்.